ஐம்பத்தேழு கிலோ அண்ணன்

ரங்கூனில் ஒலிம்பிக் மல்யுத்தத்துக்கு எந்த நேரமும் தயாராக இருந்த ஒரே மனிதர் எங்கள் தெரு சைக்கா அண்ணன்தான். யாரும் கூப்பிடவில்லை என்பதை அவர் ஒரு குறையாகவே நினைத்ததில்லை.

மிங்கலா தாங்ஞுன்ட்டில், ரயில் பாதையை ஒட்டிய தெருவில், சைக்கா ஓட்டினார். சைக்கிளுக்குப் பக்கத்தில் இருக்கை கட்டிய வண்டி அது. அவருடைய சொந்தப் பெயர் மனைவி மா சூவுக்கே சட்டென்று நினைவு வராது. ஊருக்கு அவர் ‘ஐம்பத்தேழு கிலோ’. ஃப்ரீஸ்டைல் மல்யுத்தத்தில் அவருடைய எடைப் பிரிவு. இளவயதில் தேர்வுப் போட்டிக்காக மாண்டலேக்கு ரயிலேறினார். வழியில் வெள்ளம், ரயில் நின்றுவிட்டது. போய்ச் சேர்ந்தபோது எடை பார்த்து முடித்துவிட்டார்கள். “அடுத்த தடவை வா” என்றார்கள். அண்ணன் அதை நம்பிவிட்டார்.

அன்று முதல் காலைதோறும் வெங்காயக் கடைத் தராசில் ஏறி நிற்பார். எங்கள் சந்தையில் எல்லாம் பர்மா வீசைக் கணக்கு; ஒரு வீசை ஒன்றரைக் கிலோவுக்கும் மேலே. கடைக்காரர் முள்ளைப் பார்த்து, “முப்பத்தஞ்சு வீசைக்கு ஒரு வெங்காயம் கொறையுது!” என்று கத்துவார். அதுதான் ஐம்பத்தேழு கிலோ. அண்ணன் நிம்மதியாக இறங்குவார். நடுவில் ஒலிம்பிக்காரர்கள் அந்தப் பிரிவையே எடுத்துவிட்டார்கள். அண்ணன் அசையவில்லை. பல வருடம் கழித்து அவர்களே ஐம்பத்தேழுக்குத் திரும்பி வந்தார்கள்.

வண்டியில் ஏறுகிறவர்களையும் எடைப் பிரிவு சொல்லாமல் விடமாட்டார். “சார், நீங்க எழுபத்தி நாலு.” இது அவர் காட்டும் மரியாதை. ஒருமுறை பருத்த அம்மாள் ஒருத்தி ஏற, “நீங்க நூத்தி இருபத்தஞ்சும்மா. அதுக்கு மேல பிரிவே கிடையாது, பாத்துக்குங்க” என்றார். அம்மாள் இறங்கி வெயிலில் நடந்தே போனாள்.

வீட்டில் மா சூ தேங்காய்ப்பால் விட்டுக் கவுசுவே நூடுல்ஸ் செய்தால், தெருவே சப்புக்கொட்டும். அண்ணன் கிண்ணத்தை மோந்து பார்த்துவிட்டு நகர்த்திவிடுவார். “வாசனைக்கு எடை கெடையாது தம்பி!” மா சூ அந்தக் கிண்ணத்தை எனக்குக் கொடுத்துவிடுவாள்.

பாரிஸ் ஒலிம்பிக் வந்தது. ஐம்பத்தேழு கிலோ முதல் சுற்று எங்களுக்குப் பிற்பகல். தேநீர்க் கடையில் டிவி முன்னால் கூடினோம், கரண்ட் போய்விட்டது. என் போனில் பார்த்தோம். ஒருவன் மற்றவன் காலைப் பிடித்த நொடியில் படம் உறைந்தது.

“அடுத்து என்னான்னு நான் காட்டறேன்” என்று அண்ணன் எழுந்தார். “ஊ மியின்ட், சும்மா நில்லுங்க. காலைத் தொட்டுத்தான் காட்டப் போறேன்.”

தேநீர்க் கடை முதலாளி ஊ மியின்ட் இவரைப் போல இரண்டு மடங்கு. அண்ணன் குனிந்ததுதான் தெரியும். ஒரு மேஜை, இரண்டு முக்காலி, முதலாளி எல்லாம் தரையில். ஊ மியின்ட் மல்லாந்தபடியே கூரையைப் பார்த்து, “நல்ல பிடி” என்றார் பர்மிய மொழியில். கடையே கைதட்டியது.

அதற்குள் போனில் படம் ஓடிவிட்டது. ஆட்டம் முடிந்து, தோற்றவன் விரிப்பிலேயே உட்கார்ந்து முகத்தை மூடி அழுதுகொண்டிருந்தான். அண்ணன் போனை என் கையிலிருந்து வாங்கிப் பார்த்துக்கொண்டே நின்றார்.

“தோத்தவனுக்காகவா அண்ணே வருத்தப்படறீங்க?”

“அவன் தோத்துட்டான் தம்பி,” என்றார். “நான் தோக்கக்கூட இல்லியே.”

அன்று மாலை மா சூவிடம் கவுசுவே கேட்டிருக்கிறார். ஒரு கிண்ணம் முடித்து இன்னொன்று. அவர் சாப்பிடச் சாப்பிட அவள் அழுதாளாம். மறுநாள் தராசுப் பக்கம் வரவில்லை. வெங்காயக் கடைக்காரர் வெகுநேரம் காத்திருந்துவிட்டுத்தான் வியாபாரத்தைத் தொடங்கினார்.

பிறகு ஆற்றுக்கு அக்கரையில் டாலாவில், மா சூவின் பிறந்த வீட்டுப் பக்கம் குடிபோய்விட்டார்கள். போன மாதம் படகேறிப் போனேன். அண்ணனுக்குக் கன்னம் பூரித்திருந்தது. லுங்கி முடிச்சுக்கு மேல் சின்னத் தொப்பை. வாசலில் வெண்டைச் செடி போட்டிருந்தார். மழையைப் பற்றிப் பேசினார், என் பிள்ளைகள் படிப்பைப் பற்றிக் கேட்டார். மல்யுத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மா சூ அவரைப் பார்த்துப் பார்த்துப் பரிமாறினாள். அவளை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததே இல்லை.

நன்றாக இருக்கிறார். இன்னும் நன்றாக இருக்கட்டும். அவரை அப்போதுதான் பார்த்துவிட்டுப் படகேறியிருந்தேன். ஆனாலும் படகு நடு ஆற்றுக்கு வந்தபோது, அவரைப் பார்க்க வேண்டும் போலிருந்தது.