நக்கோ சாரின் அனுமதிப் பட்டியல்

ஹைதராபாத்தில் மனிதருக்கும் கம்ப்யூட்டருக்கும் ஒரே குரலில் 'முடியாது' சொன்ன மனிதர் ஒருவர்தான். அவர் நக்கோ சார். பெற்றோர் வைத்த பெயர் வருகைப் பதிவு மெஷினுக்கு மட்டுமே தெரியும். எதைக் கேட்டாலும் முதலில் "கைக்கு?" என்பார். இந்த ஊர்ப் பேச்சில் 'எதுக்கு' என்று பொருள். நாம் காரணத்தைச் சொல்லி முடித்ததும் "நக்கோ" என்பார், அதாவது வேண்டாம். இரண்டுக்கும் நடுவில் முழுக் கவனத்துடன் கேட்டுக்கொள்வார் என்பதுதான் கொடுமை.

மல்லாபூரில் இரண்டு தொழிற்சாலைகளுக்கு நடுவே இருந்த எங்கள் ஆபீஸில் சர்வர்கள் எல்லாம் அவர் பொறுப்பு. பயனர் கையேடு எழுதுவது என் வேலை. நடப்பதையெல்லாம் கிழமை, மணியோடு டைரியில் குறிப்பது என் வியாதி. அவர் நாற்காலியில் தொடர்ந்து உட்கார்ந்த அதிகபட்ச நேரம் நாலு நிமிடம் என்று அதில் இருக்கிறது. அன்று அவருக்குக் கால் சுளுக்கு.

லேபிள் ஒட்டுவதில் அவருக்கு அப்படியொரு மோகம். குவளையில் லேபிள், நாற்காலியில் லேபிள். டிபன் பாக்ஸ் மூடியில் 'அனுமதி உள்ளவர்கள்' என்று தலைப்பு எழுதி ஒட்டியிருந்தார். அதன்கீழே வெற்றிடம். ஒரு திங்கட்கிழமை பசி தாங்காமல் ஒரு ஸ்பூன் எலுமிச்சை சாதம் கேட்டேன்.

"லிஸ்ட்ல உங்க பேர் இல்லையே."

"லிஸ்ட்ல யார் பேருமே இல்லையே சார்."

"ஹவ், ஆமா. அதான் நல்ல பாலிசி."

அப்போது காஞ்சன்பாக் பக்கத்திலிருந்து ஒரு பெரிய வாடிக்கையாளர் வந்தார். தொழிற்சாலைச் சோதனை முடிவுகளை அறிக்கையாக்கித் தரும் எங்கள் சர்வீஸ் ஒன்று சர்வரில் இரவு பகலாக ஓடிக்கொண்டிருந்தது. அது தனக்குரிய கோப்புகளைத் தவிர வேறெதையும் தொடக் கூடாது, எவனாவது அதற்குள் புகுந்தாலும் அங்கேயே சிக்கிக்கொள்ள வேண்டும் என்பது அவர்கள் நிபந்தனை. அதற்கான பாலிசியை, அதாவது சர்வீஸ் எதைத் தொடலாம் என்ற விதிகளை, நக்கோ சார் எழுத வேண்டும். பாலிசி ஏறிவிட்டால் அதை இரண்டு விதமாக ஓட்டலாம். ஒன்றில் அது தப்பைத் தடுக்கும். இன்னொன்றில் எதையும் தடுக்காமல் லாக் என்ற பதிவேட்டில் எழுதி முணுமுணுக்க மட்டும் செய்யும்.

இரண்டு வாரம் முணுமுணுக்க விட்டார். லாக் நிரம்பி வழிந்தது. அத்தனை வரிகளையும் ஒரே அமுக்கில் அனுமதியாக மாற்றித் தரும் கருவி இருக்கிறதே என்றான் புரோகிராமர் நசீர்.

"அது கேட்டதெல்லாம் குடுக்கறதுக்கு நான் கைக்கு? கதவையே கழட்டி வெச்சிரலாமே."

பிறகு ஒவ்வொரு வரியாக நசீரை விசாரித்தார். இந்த சர்வீஸ் ஏன் பயனர் பட்டியலைப் படிக்கிறது? ஏன் தற்காலிக ஃபோல்டரில் எழுதுகிறது? நசீர் பாத்ரூமுக்குப் போனால் வெளியே நின்று அடுத்த வரியை வாசித்தார். கடைசியில் பாதி வரிகளுக்குக் காரணம், நசீர் எப்போதோ எழுதி மறந்துபோன பழைய கோட் என்று தெரிந்தது. அத்தனைக்கும் நக்கோ.

எம்.டி.க்குப் பொறுமை போய்விட்டது. புதன்கிழமை பதினொரு மணிக்கு வாடிக்கையாளர் பக்கத்திலிருந்து ஒரு அதிகாரி அம்மா பார்வையிட வருகிறார், அவர் முன்னால் சர்வீஸ் ஒரு தடவை நின்றாலும் நக்கோ சார் கையிலிருந்து சர்வர்கள் போய்விடும், திருமுல்கேரி கிளையில் பிரிண்டர் பார்க்க வேண்டியதுதான் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். அதற்கப்புறம் நக்கோ சார் அந்த நாலு நிமிடம்கூட உட்காரவில்லை.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அந்த சர்வரில் ஒவ்வொரு கோப்புக்கும் கண்ணில் படாத ஒரு லேபிள் உண்டு. பாலிசி அதைப் பார்த்துத்தான் தடுக்கும், விடும். ஒரு கோப்பைக் காப்பி செய்தால் அது போய்ச் சேரும் இடத்தின் லேபிளை வாங்கிக்கொள்ளும். நகர்த்தினாலோ பழைய லேபிளோடுதான் போய் உட்காரும். 'காப்பி பண்ணவும், மூவ் பண்ணாதே' என்று என் மானிட்டருக்கு மேலேயே சீட்டு ஒட்டியிருந்தார்.

புதன் காலை பத்து ஐம்பத்தெட்டுக்கு அந்த அம்மா வந்தார். பாலிசியைத் தடுக்கும் விதத்தில் போட்டு, அவர் முன்னிலையில் சர்வீஸை நிறுத்தி மறுபடி கிளப்பினார்கள். கிளம்பவில்லை. இன்னொரு முறை முயன்றார்கள். அதே கதைதான்.

"ஒக கமாண்ட் கொட்டண்டி, அயிபோதுந்தி" என்றார் எம்.டி. ஒரு கட்டளையைத் தட்டி முணுமுணுப்புக்கு மாற்றிவிடு, தீர்ந்தது என்கிறார்.

"நக்கோ சார்" என்றார் நக்கோ சார், நின்றபடியே டைப் செய்துகொண்டு. "மூணு நிமிஷம்."

நான் அவருக்குப் பின்னால் ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். திரையில் லாக் ஓடி, ஒரு வரியில் நின்றது. அறிக்கையின் முகப்புப் பக்கக் கோப்பு, லேபிள் தப்பு. கீழேயே கோப்பின் சொந்தக்காரர் என்று என் பெயர். என் நடை அங்கேயே நின்றது. முந்தின நாள் மாலை நாலரைக்கு அதில் ஒரு எழுத்துப்பிழையைக் கண்டு, என் சொந்த ஃபோல்டரில் வைத்துத் திருத்தி, இருந்த இடத்துக்கே அனுப்பியது நான்தான். அந்தச் சீட்டுக்குக் கீழே உட்கார்ந்து, காப்பி செய்யாமல், நகர்த்தி.

நக்கோ சார் தலையை மட்டும் திருப்பி என்னைப் பார்த்தார். பிறகு இரண்டு காரியம் செய்தார். லேபிளைச் சரிப்படுத்தினார். என் பெயர் இருந்த திரையைத் துடைத்துக் காலியாக்கினார். சர்வீஸ் கிளம்பியது.

எம்.டி. விடவில்லை. யார் வேலை இது என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் நக்கோ சார் முந்திக்கொண்டார்.

"லேபிள் தப்பா இருந்துச்சு சார். லேபிள் என் டிபார்ட்மென்ட்."

பன்னிரண்டு மணிக்கு மேல் ஒரு நிமிடம் ஆகியிருந்தால்கூட 'குட்மார்னிங்' சொல்ல மறுக்கிற மனிதர் அவர், எனக்காக உண்மையைப் பாதியோடு நிறுத்திக்கொண்டார். அந்த அம்மாவுக்குப் பாலிசி பிடித்துப்போய் அது தங்கியது. சர்வீஸ் ஒரு தடவை நின்றதால் எம்.டி. சொன்ன சொல்லும் தங்கியது, நக்கோ சாருக்குத் திருமுல்கேரி. அன்று மாலையே அவர் அறைக்குப் போய், நகர்த்தியது நான்தான் என்று சொன்னேன். உத்தரவு போனது போனதுதான் என்றார். நக்கோ சாரிடம் ஓடினேன்.

"கைக்கு சொன்னீங்க?" என்று மட்டும் கேட்டார்.

வெள்ளிக்கிழமை மதியம், கடைசி நாள். ஆட்டோவை வாசலில் காக்க வைத்துவிட்டு என் மேஜைக்கு வந்தார். டிபன் பாக்ஸை வைத்தார்.

"பாக்ஸ் திரும்பி வரணும். காப்பி பண்ணிக்கலாம், மூவ் பண்ணக் கூடாது."

போய்விட்டார். உள்ளே எலுமிச்சை சாதம், ஸ்பூனோடு. மூடியில் அந்தத் தலைப்புக்குக் கீழே, இத்தனை காலம் காலியாகக் கிடந்த இடத்தில், என் பெயர் இருந்தது. மணி ஒன்று பத்து என்று டைரியில் எழுதினேன். டைரியை மூடிவிட்டு ஸ்பூனை எடுத்தேன்.