மீசைக்குப் பஞ்சு

"மீசை ஏன்டி வெள்ளையா இருக்கணும்?" என்று கேட்டான் ராம்குமார். வலது கையில் கத்தரிக்கோல், இடது கையில் மில்லிலிருந்து கொண்டுவந்த பஞ்சு, இரண்டு முழங்கையிலும் பெவிகால்.

"பஞ்சு வெள்ளையாத்தான இருக்கும்," என்றாள் மூன்றாம் வகுப்பு படிக்கும் மகள் கோதை.

"எனக்கு மீசையே கெடையாதே. அப்பாவுக்குக் கார்டுன்னா அப்பா மாதிரி இருக்க வேண்டாமா?"

"மீசை இருந்தாத்தான் அப்பா. மிஸ் சொன்னாவ."

மிஸ் சொல்லிவிட்டால் அந்த வீட்டில் மேல்முறையீடு கிடையாது. ஞாயிற்றுக்கிழமை தந்தையர் தினம். திங்கட்கிழமை கார்டு பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டும். கையால் செய்த கார்டுதான் செல்லும், கடைக் கார்டு செல்லாது.

"ஏட்டி பாண்டி, எனக்கு வாழ்த்து நானே செய்யணுமா? நீ வந்து செய்யக் கூடாதா?"

அடுக்களையிலிருந்து மனைவி பாண்டீஸ்வரி பதில் சொன்னாள். "போன வருசம் தெர்மாகோல்ல கலங்கரை விளக்கம் செஞ்சது நான். சூரிய குடும்பத்தைச் சுத்த விட்டதும் நான். நீங்க சோபாவுல உக்காந்து சனிக்கெரகம் கோணலா இருக்குன்னிய. இப்பச் செய்யுங்க."

ராம்குமார் செய்தான். உண்மையில் அவன் மனசு கார்டில் இல்லை, காரில் இருந்தது. அடுத்த வாரம் புதுக் கார் வருகிறது. அதை நிறுத்த வேண்டிய இடத்தில் ஒரு மாமரம் நிற்கிறது. ஞாயிறன்று வெட்டுவதற்கு ஆள் சொல்லியாகிவிட்டது. அந்த மரத்தடியில்தான் அவனுடைய அப்பா குருசாமி தினமும் மத்தியானம் கட்டில் போட்டுப் படுப்பார். "மரம் போனா எம் பேச்சும் போச்சு" என்றவர், மரம் போகும் முன்பே அட்வான்ஸாகப் பேச்சை நிறுத்திவிட்டார். மகனிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் நாயிடம் சொல்வார்.

"ஏலே வெள்ளையா, மோட்டாரைப் போட்டுட்டு அமத்தாமத் தூங்குதான் பாரு ஒருத்தன்."

வெள்ளையன் திரும்பி ராம்குமாரைப் பார்க்கும். நாயின் பார்வையில் ஓர் இளக்காரம் இருக்கும். அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

"சரி, உள்ள என்ன எழுதணும்? சொல்லு."

கோதை கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தாள். "அன்புள்ள அப்பாவுக்கு. நீங்கள் எனக்கு நிழல் தரும் மரம். உங்கள் பேச்சை இனி மீற மாட்டேன். உங்களைக் கேட்காமல் எதிலும் கை வைக்க மாட்டேன்."

"கடைசி வரி அருமை. எம் போனை எடுத்து நீ பண்ணுத அநியாயத்துக்கு இதைச் செவத்துலயே எழுதி வைக்கணும். இந்தா, நீயே எழுது."

"என் எழுத்து கோழி கிண்டுன மாதிரி இருக்காம். நீங்கதாம்ப்பா அழகா எழுதுவிய."

இந்த ஒரு வார்த்தைக்கு மயங்கி ராம்குமார் ஸ்கெட்ச் பேனாவை எடுத்தான்.

"இப்படிக்கு கோதை. போட்டுரவா?"

"வேண்டாம். 'உங்கள் அன்புப் பிள்ளை'ன்னு மட்டும் போடுங்க. பேரை நான் பொறவு எழுதிக்கிடுதேன். முன்னாடி ஒரு மரம் ஒட்டணும். அதுல மாங்கா தொங்கணும்."

"மாங்காயும் மிஸ்தான் சொன்னாவளா?"

"இல்லப்பா. அது அழகுக்கு."

பச்சை சார்ட்டில் மரம் வெட்டி, ஜிகினாவில் மாங்காய் ஒட்டி, மரத்தடியில் ஓர் ஆளை நிறுத்தி, ஆளுக்குப் பஞ்சு மீசை வைத்தான்.

"கோதை, சாப்பிட வாட்டி."

"வேண்டாம்மா. பால்கோவா தின்னுட்டேன்."

"யாரு வாங்கித் தந்தா?"

"தாத்தா. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறிப் போய் வாங்கிட்டு வந்தாவ."

"இந்த வெயில்லயா?" என்று கேட்டுவிட்டு பாண்டீஸ்வரி தோசையைத் திருப்பப் போனாள்.

கார்டை முன்னறை ஸ்டூலில் ஃபேனுக்கு அடியில் காயவைத்துவிட்டு, ராம்குமார் கை கழுவப் போனான். பெவிகால் எளிதில் போவதில்லை. அவன் தேய்த்து முடித்துத் திரும்பி வந்தபோது குருசாமி ஸ்டூலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கையில் கார்டு. கார்டில் மாமரம். மரத்தடியில் வெள்ளை மீசை. அவருடைய மூக்குக்குக் கீழேயும் அதே வெள்ளை மீசை.

"ஏலே ராமு," என்றார்.

வெள்ளையன் எழுந்து நின்றது. ராம்குமார் துண்டைக் கீழே போட்டான்.

"இம்புட்டையும் மனசுல வச்சுக்கிட்டா மூஞ்சியத் தூக்கிட்டு அலைஞ்ச?"

"அப்பா, அது வந்து…"

"ஒண்ணும் சொல்லாத. அதான் எழுதிட்டியே." கார்டைச் சட்டைப் பைக்குள் வைத்துப் பார்த்தார். கொள்ளவில்லை. கையிலேயே பிடித்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

"போய் உண்மையச் சொல்லிரட்டுமா?" என்று மனைவியிடம் கேட்டான்.

"சொல்லுங்க. 'அது உங்களுக்கு இல்லப்பா, எனக்கே நான் செஞ்சது'ன்னு சொல்லுங்க. நல்லாருக்கும்."

"இப்ப என்னட்டி பண்ண?"

"மீசை இன்னும் காயலன்னு சொல்லி வாங்கிட்டு வாங்க. வாங்கிட்டா, கோதை பேரை எழுதிருவோம். பொறவு வெவரம் மெல்லத் தெரிஞ்சிரும்."

நல்ல யோசனையாகத்தான் பட்டது. குருசாமி எங்கே போயிருப்பார் என்று தேட வேண்டியதில்லை. தனுஷ்கோடி டீக்கடையில் கூட்டம் நின்றது. தனுஷ்கோடி கண்ணாடி போட்டுக்கொண்டு கார்டை உரக்க வாசித்துக்கொண்டிருந்தார்.

"'உங்கள் பேச்சை இனி மீற மாட்டேன்.' கேட்டியளா? எம் மகன் எனக்கு எழுதுனது ஒரே ஒரு மெசேஜ். 'சார்ஜர் எங்க'ன்னு."

"அப்பா, மீசை காயல. குடுங்க, அழுத்தி ஒட்டிட்டுத் தாரேன்."

"உதுந்தா உதுரட்டும்லே. எம் மீசையே உதுந்துக்கிட்டுத்தான இருக்கு."

கடை சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்கும் முன் பெஞ்சின் ஓரத்திலிருந்து ஒருவர் டீ கிளாஸோடு எழுந்தார். மரம் வெட்ட ஏற்பாடு செய்திருந்த மாரீஸ்வரன்.

"அண்ணே, 'உங்களைக் கேட்காமல் எதிலும் கை வைக்க மாட்டேன்'னு எழுதியிருக்கிய. அப்ப ஞாயித்துக்கெழம நான் கோடாலி எடுத்துட்டு வரவா, வேண்டாமா?"

கடை மொத்தமும் ராம்குமாரைப் பார்த்தது. குருசாமி மட்டும் பார்க்கவில்லை. அவர் ஒரு வடையை மிகுந்த அக்கறையோடு பிய்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பாட்ட கேட்டுக்கோ," என்றான் ராம்குமார்.

"வேண்டாம்ப்பா," என்றார் குருசாமி, வடையைப் பார்த்தபடியே.

வீட்டுக்குள் நுழையும்போதே போன் அடித்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் கட்டிக் கொடுத்திருக்கும் அக்கா பரிபூரணம்.

"ஏலே, அப்பா நம்ம குடும்ப குரூப்புல கார்டு போட்டோ போட்டிருக்காவ. எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா நீ? நானும் பேர் போட்டிருப்பம்லா? ஒத்த ஆளா நல்ல பிள்ளையாயிட்ட."

"அக்கா, அது நான் அவியளுக்குச் செஞ்சது இல்ல. கோதையோட ஹோம்வொர்க்கு."

"அடக்கத்தப் பாரு. கோதைக்கு அந்தக் கையெழுத்து வருமாலே? நான் ஞாயித்துக்கெழம வாரேன். பிள்ளைகளுக்கு அந்த மரத்துல ஊஞ்சக் கட்டணும். கயிறு நான் கொண்டாரேன்."

மறுநாள் காலையில் இன்னொரு முறை முயன்றான்.

"அப்பா, அந்தக் கார்டு கோதைக்கு…"

"காட்டிட்டம்லே. 'எங்கப்பா எம்புட்டு நல்லவுக தாத்தா'ங்கா."

அதற்கு மேல் ஓர் அப்பாவால் என்ன செய்ய முடியும்?

ஞாயிற்றுக்கிழமை மரத்தில் கோடாலி விழவில்லை, ஊஞ்சல் தொங்கியது. பரிபூரணத்தின் பிள்ளைகள் ஆடினார்கள், பிறகு பரிபூரணமே ஆடினாள், கிளை தாங்கியது. குருசாமி கட்டிலில் உட்கார்ந்து மாம்பழம் நறுக்கி எல்லோருக்கும் துண்டு கொடுத்தார். ராம்குமாருக்குக் கொட்டையைக் கொடுத்தார். முக்கால் பழம் சதை ஒட்டியிருந்த கொட்டை.

"காரைத் தெருவுல நிறுத்திக்கலாம்லா?" என்றார்.

"நிறுத்திக்கலாம்ப்பா."

"கவர் ஒண்ணு வாங்கிப் போட்டுரு. காக்கா எச்சம் படாது."

அப்பா தன்னோடு நேரடியாகக் கார் பற்றியே பேசுகிறார். ராம்குமார் கொட்டையை வெள்ளையாகும் வரை சப்பினான். வெள்ளையன்தான் பாவம், சொல்ல ஆளில்லாமல் தெருவைப் பார்த்துப் படுத்திருந்தது.

அன்று சாயங்காலம் கோதைக்கு இரண்டாவது கார்டு செய்ய உட்கார்ந்தான்.

"மீசை வைக்கணுமா?"

"வேண்டாம்ப்பா."

"அந்த வரியெல்லாம் திருப்பிச் சொல்லு."

"நீங்களே என்னத்தையாவது எழுதுங்கப்பா. நான் ஊஞ்ச ஆடப் போறேன்."

பிள்ளைக்கு அப்பா மேல் எவ்வளவு நம்பிக்கை என்று நினைத்துக்கொண்டான்.

திங்கட்கிழமை பள்ளி வேனில் அனுப்பாமல் கோதையைத் தானே பைக்கில் கூட்டிக்கொண்டு போனான். பள்ளிக்கூட வாசலிலேயே மிஸ் நின்றார். கோதை அவரைப் பார்த்ததும் ஷூ லேஸ் கட்டுவதற்காகக் குனிந்தவள் நிமிரவே இல்லை.

"மிஸ், இந்தாங்க தந்தையர் தினக் கார்டு. மொதல்ல செஞ்சது இன்னும் நல்லா இருந்துச்சு. அதை எங்கப்பா எடுத்துக்கிட்டாவ. இது கொஞ்சம் சுமார்தான், மார்க்கைக் குறைச்சிராதீங்க."

மிஸ் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நாங்க கார்டு எதுவும் கேக்கலையே சார். போன வாரம் கோதையோட தாத்தாதான் வந்து, 'பிள்ளைக அப்பாவுக்குக் கார்டு செய்யும்போது என்ன வரி எழுதும், மீசைக்கு என்ன ஒட்டும்'னு வெவரமா கேட்டுட்டுப் போனாங்க."