பஸ் ஸ்டாண்டில் அரக்கனைக் கூப்பிட்டவர்

இந்த உலகத்தில் இன்னும் பிறக்காத கெட்டவர்களில் பாதிப் பேருக்குப் பேர் வைத்தவர் எங்கள் வில்லண்ணன்தான். மீதிப் பாதிக்கு மற்றவர்கள் வைத்திருக்கும் பேர்களைக் கேட்டால், அவர்கள் பிறக்காமலே இருந்துவிடுவது நல்லது என்று தோன்றும்.

திருச்செங்கோட்டில் ஒரு செல்போன் கேம் கம்பெனியில் நான் கதை வசனம் எழுதிக்கொண்டிருந்தேன். கீழே போர்வெல் ரிக் லாரிகளுக்கு உதிரிபாகம் விற்கும் கடை, மாடியில் நாங்கள். கீழே சுத்தியல் அடி, மேலே வாள் சண்டை. முதலாளி ரிக் லாரிக் குடும்பத்துப் பிள்ளை. பூமிக்குள் ஓட்டை போட்டது போதும், இனி ஆகாயத்தில் கோட்டை கட்டலாம் என்று ஒரு லாரியை விற்றுவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்தவர்.

அங்கே அரக்கன், மந்திரவாதி, பேய்ப்படைத் தளபதி என்று எவன் உருவானாலும் அவனுக்குப் பேர் வைப்பது அவர் வேலை, வில்லன்களுக்கு அண்ணன் என்பதால் வில்லண்ணன். அவருக்கு அப்பா அம்மா வைத்த பேர் என்ன என்று கேட்டால், "அது எதுக்குங்க அம்மிணி இப்ப?" என்று டீ குடிக்கக் கிளம்பிவிடுவார். நெற்றியில் திருநீறு, அதிராத பேச்சு. மாடிப்படியில் படுத்திருக்கும் தெருநாயிடம்கூட "சித்த தள்ளிக்குங்க சாமி" என்று கேட்டுவிட்டுத்தான் மேலே ஏறுவார். அந்த வாயிலிருந்துதான் நிழல்தின்னியும் எலும்பூதியும் குருதிக்கொம்பனும் வந்தார்கள் என்றால் யார் நம்புவார்கள்?

பேர் வைப்பது என்றால் அவருக்குச் சாதாரண விஷயமில்லை. நிழல்தின்னி உருவான அன்று என் மேஜைக்கு வந்து, "இவனுக்கு மாமன் ஊடு எங்கீங்க?" என்று கேட்டார்.

"அண்ணா, அவன் நெழலைத் தின்னு உசுரு வாழற பூதம். பூதத்துக்கு ஏதுங்கண்ணா மாமன் ஊடு?"

"அதைத்தானுங்க உறுதிப்படுத்திக்கறேன். மாமன் ஊடு இருக்கறவன் லீவுக்கு அங்க போயித் தின்னுபோட்டுத் தூங்குவான். கெட்டுப்போறதுக்கு அவனுக்கு நேரம் ஏதுங்க?"

நிழல்தின்னிக்குத் தாய்மாமனே கிடையாது என்று கதையில் ஒரு வரி சேர்த்த பிறகுதான் என்னை விட்டார்.

பேர் பயமுறுத்துகிறதா என்று பார்க்க நாமக்கல் பக்கம் அவருடைய மச்சானின் கோழிப்பண்ணைக்குப் போவார். கூண்டுகளுக்கு முன்னால் நின்று, தாலாட்டுப் பாடும் குரலில் பேரைச் சொல்வார். 'குருதிக்கொம்பன்' என்றதும் பண்ணை முழுக்கக் கப்சிப். மறுநாள் முட்டை பாதியாகக் குறைந்துவிட்டது என்று மச்சான் குதித்தார்.

"மாப்ள, உன்ற பேயையெல்லாம் உன்ற ஊட்டோட வெச்சுக்க. இனி இந்தக் கேட்டுக்குள்ள கால வெக்காத."

வில்லண்ணனுக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. "பேரு பாஸாயிருச்சுங்க!" என்று எங்கள் எல்லோருக்கும் தேங்காய் பன் வாங்கிக் கொடுத்தார்.

ஆனால் கோழி பாஸ் போட்டால் மட்டும் போதாது. கடைசிப் பரீட்சை திருச்செங்கோடு பஸ் ஸ்டாண்டில். கூட்டத்துக்கு நடுவில் நின்று அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடுவார். ஒருவர் திரும்பிப் பார்த்தாலும் பேர் ரத்து. அதிலும், தெரியாத ஆளை மரியாதை இல்லாமல் கூப்பிட அவருக்கு வராது.

"ஏனுங்க நிழல்தின்னீ! நிழல்தின்னீங்க! இருக்கறீங்களா?"

ஈரோட்டு பஸ் கண்டக்டர் எட்டிப் பார்த்து, "அந்த ஊருல நம்ம வண்டி நிக்காதுங்க, பின்னால டவுன் பஸ் வருது" என்றார். ஊர்ப் பேர் என்று நினைத்தவர் கணக்கில் வரமாட்டார், வேறு யாரும் திரும்பவில்லை. பாஸ்.

'கருஞ்சவுக்கன்' அப்படித் தப்பவில்லை. ஒரு பெரியவர் திரும்பிவிட்டார். முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். "அண்ணா, அவரு பஸ் வருதான்னு பாத்தாருங்கண்ணா!"

"இருந்தாலும் திரும்பிட்டாருங்களே" என்றார் வில்லண்ணன். அத்தோடு கருஞ்சவுக்கன் கதை முடிந்தது. முதலாளி இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை.

இப்படி இருக்கையில் எங்கள் முதல் பெரிய கேம் முடியும் தறுவாய்க்கு வந்தது. கடைசிக் கட்டத்தில் ஒரு கொடிய ராணி. அவள் வாயால் சொன்னதெல்லாம் பலிக்கும். திங்கட்கிழமைக்குள் அவளுக்குப் பேர் வேண்டும். "இல்லைன்னா நானே 'பிளாக் குயின்'னு வெச்சுப்போடுவேன்" என்று முதலாளி மிரட்டினார்.

வில்லண்ணன் முகம் சுருங்கியது. "அது தலைக்கு அடிக்கற டை பேரு மாதிரி இருக்குதுங்க" என்றவர், சனிக்கிழமை காலையில் ராணிக்குப் பேரோடு வந்தார்.

கருநாக்கி.

கேட்டதும் எனக்குக் கை முடி சிலிர்த்தது. பண்ணைக்குள் விடமாட்டார்கள் என்பதால் கேட்டுக்கு வெளியில் நின்று கோழிகளுக்குச் சொன்னார், பாஸ். பஸ் ஸ்டாண்டில் யாரும் திரும்பவில்லை, பாஸ். குமாரபாளையம் வரை போய்க் கூப்பிட்டார், அங்கேயும் பாஸ். லாரி விற்ற காசு வீண்போகவில்லை என்ற குஷியில், ஞாயிற்றுக்கிழமை முதலாளி எங்கள் இருவரையும் ஜேடர்பாளையத்துக்கு மீன் சாப்பிடக் கூட்டிப்போனார்.

ஆற்றோரம் வரிசையாக மீன் வறுக்கும் கடைகள். தட்டு கைக்கு வந்த நேரம். வில்லண்ணன் சுற்றும் முற்றும் பார்த்தார்.

"இங்கயும் ஒருக்கா கூப்புட்டுப் பாத்தறனுங்க."

"வேண்டாங்கண்ணா!" என்று முதலாளி கத்தினார். அதற்குள் வில்லண்ணன் எழுந்து நின்றாயிற்று.

"ஏனுங்க கருநாக்கீ! இருக்கறீங்களா?"

எண்ணெய் கொதிக்கும் சத்தம் தவிர வேறு சத்தமே இல்லை. கடைசிக் கடையிலிருந்து ஓர் அக்கா கரண்டியோடு திரும்பினார்.

"எவன்டா அவன், என்னையக் கூப்புட்டது?"

எங்களுக்கு மீன் வறுத்த பெண் கிசுகிசுத்தாள். "அதுக்குக் கருநாக்குங்க. மழைன்னா மழை, பஞ்சர்னா பஞ்சர். மூஞ்சிக்கு நேரா ஆரும் அந்தப் பேரைச் சொல்ல மாட்டாங்க."

கையிலிருந்த மீன் துண்டு முதலாளிக்கு வாய்வரை போகவில்லை.

வில்லண்ணன் கைகூப்பிக்கொண்டே அக்காவிடம் போய் கேம், ராணி, பஸ் ஸ்டாண்டு எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். "மன்னிச்சுப்போடுங்க. நீங்க இருக்கறது தெரியாதுங்க. அந்தப் பேரு இப்பவே ரத்துங்க."

அக்கா கரண்டியை இறக்கினார். "இரு. அந்த ராணிக்குக் கோட்டை இருக்குதா?"

"மூணு இருக்குதுங்க. கருங்கல்லு."

"படை?"

"கணக்கே இல்லீங்க. அவங்க வாயத் தொறந்தாவே ராசாக்க நடுங்குவாங்க."

அக்கா கரண்டியால் சட்டியைத் தட்டினார். "இங்க என்னைய ஒரு கலியாணத்துக்குக் கூப்புட மாட்டேங்கறாங்க, ஏதாச்சும் சொல்லிப்போடுவேன்னு. அவளுக்கு மட்டும் மூணு கோட்டையா? எதுக்கு ரத்து? வெய்யி என்ற பேரை!"

"ஆகாதுங்க" என்றார் வில்லண்ணன். ஒருவரிடம் அவர் குரலை உயர்த்திப் பேசி அன்றுதான் கேட்டேன். "கடைசில அவளைச் சாவடிக்கோணுமுங்க. அப்பறம் பசங்க உங்களைப் பாத்துக் கேலி பண்ணுவானுக. நான் பட்டவனுங்க."

"சாவடிப்பீங்களா? என்னைய மட்டும் சாவடிச்சுப் பாருங்க, உங்க கம்பெனி..."

முதலாளி ஒரே தாவலில் அக்கா முன்னால் வந்து விழுந்தார். "அக்கா! வாயத் தொறக்காதீங்க! சாவ மாட்டாங்க! எங்க குலதெய்வத்து மேல சத்தியமா ராணி சாவ மாட்டாங்க!"

அக்கா சிரித்துவிட்டார். எங்கள் தட்டில் ஆளுக்கு ஒரு மீன் கூடுதலாக வைத்து, "நல்லா ஓடும், போங்க" என்றார். முதலாளி கண்ணை மூடி அந்தக் கரண்டியைக் கும்பிட்டார்.

திரும்பும் வழியில், "நான் பட்டவன்னீங்களே, என்னங்கண்ணா அது?" என்று கேட்டேன்.

வில்லண்ணன் சிறுவனாக இருந்தபோது ஊர்க் கோயில் நோம்பியில் நாடகம் போட்டார்களாம். அதில் வில்லன், பெற்ற தாயை எட்டி உதைப்பவன். அவனுக்கு நாடக வாத்தியார் வைத்த பேரும் இவர் பேரும் ஒன்று. மறுநாள் பள்ளிக்கூடமே இவரைப் பார்த்து, "ஆத்தாள ஒதைச்சவனே" என்று கத்தியது.

"எங்க ஆத்தாகூட அந்தப் பேரைச் சொல்றத நிறுத்திப்போட்டா அம்மிணி. அப்பறம் சாமின்னுதான் கூப்புடுவா. நாடகம் ஒரு நாளோட முடிஞ்சுது. பேரு முடியவே இல்லீங்க."

சொல்லிவிட்டு அவர் சிரித்தார், எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. பஸ் ஸ்டாண்டில் அவர் கூப்பிட்டதையெல்லாம் நான் வேடிக்கையாகவே பார்த்திருந்தேன். முகம் தெரியாத ஏதோ ஒரு பிள்ளையைக் காப்பாற்றத்தான் மனிதர் தொண்டை வற்றக் கத்தியிருக்கிறார் என்பது அப்போதுதான் புரிந்தது.

கேம் வெளிவந்தது. கடைசிக் கட்டத்தில் கதாநாயகன் மூச்சு வாங்க மூன்று கோட்டையும் தாண்டி வந்து வாளை ஓங்குவான். கருநாக்கி அவனை ஏற இறங்கப் பார்த்து, "இன்னைக்கு மீன் தீந்துபோச்சு, நாளைக்கு வா" என்று கதவைச் சாத்திவிடுவாள். விளையாடிய பிள்ளைகள் ஒரு வாரம் எங்களைத் திட்டினார்கள். அடுத்த வாரம், 'நாளை' எப்போது என்று கேட்க ஆரம்பித்தார்கள். அக்கா வாக்கு பலித்தது, முதலாளி இரண்டாம் பாகத்துக்குத் தேங்காய் உடைத்தார். ஜேடர்பாளையத்தில் இப்போது 'கருநாக்கி மீன் கடை' என்று போர்டே இருக்கிறது. "நல்லா இருப்பீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று அக்காவைத் தேடி வந்து கல்யாணத்துக்கு அழைக்கிறார்கள் என்று கேள்வி.

இரண்டாம் பாகத்துக்குப் புதுக் கதாநாயகன். கதாநாயகர்களுக்குப் பேர் வைப்பது என் வேலை. சம்பளம் போடும் முதலாளிக்குத் தெரியாத பேர் உண்டா? அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, ஒருநாள் காலையில் வில்லண்ணனை டீ குடிக்க பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப்போனேன்.

"இன்னைக்கு நான் கூப்புடறனுங்கண்ணா" என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச தூரம் தள்ளிப் போய் நின்றேன்.

"செல்லமுத்தூ!"

கூட்டம் அதன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. கண்டக்டர்கூட எட்டிப் பார்க்கவில்லை. டீக்கடை வாசலில், கையில் கிளாஸோடு வில்லண்ணன் மட்டும் சட்டென்று திரும்பினார்.

கிட்டே போனேன். திரும்பிய வேகத்தில் தளும்பிய டீ அவர் விரலில் வழிந்துகொண்டிருந்தது.

"திரும்பிப்போட்டனே அம்மிணி" என்றார் மெல்ல. "அப்ப இந்தப் பேரு ஆகாதுங்களே."

"அது வில்லனுக்குத்தானுங்கண்ணா. இவரு கதாநாயகன். பெத்த ஆத்தாளைத் தோள்மேல தூக்கிக்கிட்டு மலை தாண்டிப் போறவரு."

ஈரோட்டு பஸ் வந்தது, நின்றது, கிளம்பியும் போய்விட்டது. அதற்குப் பிறகுதான் அவர் கிளாஸைக் கீழே வைத்தார்.

"இன்னொருக்கா கூப்புடுங்க அம்மிணி."

பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கும்படி கூப்பிட்டேன்.