குங்குமம் வைத்த மதர்போர்டு

புதிதாக எது வந்தாலும் முதல் ஆளாக வாங்கிவிடத் துடிப்பவர்கள் இரண்டே வகை. காசு இருப்பவர்கள், புத்தி இல்லாதவர்கள். நான் எந்தக் காலத்திலும் முதல் வகையில் இருந்ததில்லை என்பதை இப்போதே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

நான் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறவள். நைனார்பாளையத்தில் எங்கள் வீட்டு முன்னறைதான் ஆபீஸ். கள்ளக்குறிச்சி, சின்னசேலம் ஸ்டுடியோக்காரர்கள் ஹார்ட் டிஸ்க்கைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். பெண்ணின் பெரியப்பா கொட்டாவி விடுவதையெல்லாம் வெட்டிவிட்டு, மிச்சத்துக்குப் பாட்டுப் போட்டுத் தருவேன். அப்போது என்னிடம் இருந்த கம்ப்யூட்டர் நல்ல உழைப்பாளிதான், ஆனால் வயசாகிவிட்டது. ஒரு கல்யாணத்தை அதில் ஏற்றிவிட்டு, நான் அரிசி ஊறவைத்து, அரைத்து, மறுநாள் இட்லி ஊற்றி இறக்கினாலும் அது இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்.

அந்த வருஷம் என் நாத்தனார் கவிதாவுக்கு ரிஷிவந்தியத்தில் மாப்பிள்ளை அமைந்தது. இந்தக் காலத்துக் கல்யாணம் ஆயிற்றே, தாலி கட்டும் முன்பே ஒரு சினிமா எடுத்தாக வேண்டும். இரண்டு பேரையும் கல்வராயன் மலைக்கு அழைத்துப்போய், அருவிக்கு முன்னால் நிறுத்தி, தலைக்கு மேல் ட்ரோனைச் சுற்றவிட்டு எடுத்தார்கள். (மாப்பிள்ளை பாசியில் வழுக்கி விழுந்ததும் அதில் இருந்தது. அதை மட்டும் வெட்டிடுங்க என்று அவரே எனக்கு போன் செய்தார், பாவம்.) ரிசப்ஷனில் பெரிய திரையில் அந்த வீடியோவை ஓட்டுவதாக ஏற்பாடு. "எங்க அண்ணிதான் எடிட் பண்றாங்க, தியேட்டர் மாதிரி இருக்கும்" என்று கவிதா மாப்பிள்ளை வீடு முழுக்கச் சொல்லிவைத்துவிட்டாள். அவள் மானமும் என் தொழில் மானமும் அந்த ஒரே வீடியோவில் மாட்டிக்கொண்டன.

அந்த நேரம் பார்த்துத்தானா புதுத் தலைமுறை பிராசசர் வெளியாக வேண்டும்? பிராசசர் என்றால் கம்ப்யூட்டரின் மூளை. அது உட்காரும் பலகை மதர்போர்டு. இந்த முறை இரண்டுமே புதுசு, பழைய பலகையில் புது மூளை உட்காராது என்றார்கள். நான் சமையல், சாப்பாடு எல்லாவற்றையும் ஓரங்கட்டிவிட்டு யூடியூப் பார்க்க ஆரம்பித்தேன். எல்லா வீடியோவிலும் ஒரு தம்பி வந்து இரண்டு கோடு போட்டுக் காட்டுவார். நீளமான பச்சைக் கோடு புதுசு, குட்டையான சிவப்புக் கோடு பழசு. என்னிடம் இருந்தது அந்தச் சிவப்புக் கோட்டைவிடவும் பழசு. யாரோ என் வீட்டுக்குள் வந்து என்னைத் திட்டிவிட்டுப் போவது போல அவமானமாக இருந்தது.

முடிவெடுக்க முடியாமல் வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"ஏங்க, இப்பவே வாங்கலாமா, கொஞ்ச மாசம் பொறுத்து வாங்கலாமா?"

"வாங்கு."

"புதுசுல ஏதாவது கோளாறு இருந்தா?"

"அப்ப வாங்காத."

"கவிதா கல்யாணம் வருதே."

"அப்ப வாங்கு."

"ஆனா பொறுத்து வாங்கனா வெல கம்மியாவும்ங்கறாங்க."

"தாயே, மரவள்ளிக்குத் தண்ணி பாய்ச்சணும், என்ன வுட்டுடு" என்று டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். (இந்த வீட்டில் யோசனை கேட்டால் கிடைப்பது இதுதான்.)

கள்ளக்குறிச்சி துருகம் ரோட்டில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் அன்வர் பாயிடம் போனேன். விற்கிறவர் வேண்டாம் என்று சொல்வாரா? அவர் சொன்னார்.

"மேடம், மொத லாட்டு வேணாங்க. மூணு மாசம் போவட்டும். மொத லாட்டு வாங்கறவங்க எல்லாம் கம்பெனிக்கு சம்பளம் இல்லாம வேல பாக்கறவங்க. எங்க கோளாறு இருக்குதுன்னு கண்டுபுடிச்சிக் குடுக்கற வேல."

"கல்யாணம் இருக்கு பாய்."

"பழைய சிஸ்டமே இந்தக் கல்யாணத்த ஓட்டிக் குடுத்துடுமே."

குடுத்துவிடும்தான். அது எனக்கும் தெரியும். உண்மையான காரணம் வேறு. இந்த மாவட்டத்திலேயே அதை முதலில் வைத்திருப்பவள் நான்தான் என்று ஸ்டுடியோக்காரர்கள் பேசிக்கொள்ள வேண்டும். அதை வாய்விட்டுச் சொல்ல முடியாததால், "பாய், தொழிலுக்கு வேகம் முக்கியம்" என்று ஏதோ கம்பெனி முதலாளி மாதிரி சொல்லிவைத்தேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு ஆர்டர் போட்டார்.

அதோடு விட்டேனா? பழைய கம்ப்யூட்டர் வீட்டில் இருந்தால் புதுசின் மேல் நம்பிக்கை இல்லாத மாதிரி ஆகிவிடும் என்று, அதை மணலூர்பேட்டை ஸ்டுடியோக்காரர் ஒருவருக்கு விற்றும் விட்டேன். அன்றைக்கு என்னைக் கட்டிப்போட ஒரு ஆள் இல்லாமல் போய்விட்டது.

புது மதர்போர்டு வந்து இறங்கியதும் ஆரம்பித்தது கூத்து. பழைய ராம், அதாவது கம்ப்யூட்டரின் ஞாபக சக்தி, இதில் பொருந்தாதாம், புது ராம் வேண்டும். மூளை சூடாகாமல் பார்த்துக்கொள்ளும் பழைய கூலர் உட்காராதாம், அதுவும் புதுசு. மாப்பிள்ளை மட்டும் விருந்துக்கு வருகிறார் என்று உலை வைத்தால் அவர் மொத்தக் குடும்பத்தோடு வந்து நின்ற கதை. எல்லாம் வந்துசேர ஆயுத பூஜை ஆகிவிட்டது.

ஆயுத பூஜையன்று பாய் வீட்டுக்கே வந்து பூட்டிக் கொடுத்தார். பக்கவாட்டு மூடியை மட்டும் இன்னும் போடவில்லை. சுவிட்சில் கை வைக்கப் போனபோது என் மாமியார் பூஜைத் தட்டோடு உள்ளே வந்தார். காலையிலிருந்து டிராக்டர், கிரைண்டர், அரிவாள்மனை என்று எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டே வந்தவர்.

"பூஜ போடாம இன்னாத்துக்கு சுச்சி போடறீங்க? கொஞ்சம் நவுரு."

"அம்மா, உள்ள வேணாங்க, பொட்டி மேல வைங்க" என்றார் பாய், மரியாதையாக.

"பொட்டி மேல வெச்சா பொட்டிக்குத்தான போவும்? வேல செய்யறது உள்ளதான இருக்குது?" என்று கேட்டுக்கொண்டே குனிந்து, மதர்போர்டில் வழுவழுவென்று இருந்த இடமாகப் பார்த்து மூன்று பொட்டு வைத்தார். குழைத்த சந்தனம், அதன்மேல் குங்குமம். கூலருக்கு ஒரு பூவும் செருகினார்.

அவர் போனதும் பூவை எடுத்துவிட்டு சுவிட்சைப் போட்டோம். ஃபேன் சுற்றியது. விளக்குகள் எரிந்தன. திரை மட்டும் கன்னங்கரேல் என்று இருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அணைத்தோம். ராமைக் கழற்றி மாட்டிவிட்டு மறுபடி போட்டோம். மறுபடியும் இருட்டு. பாய் டார்ச் அடித்து அந்த மூன்று பொட்டையும் உற்றுப் பார்த்தார்.

"ரொம்ப நேரம் ஆன்ல வுடாதீங்க மேடம். சந்தனம் ஈரமா இருந்தா கருகிடும்."

அந்த ஒரு வார்த்தைதான் எனக்கு வேதமாகிவிட்டது. பாய் அதைக் கடைக்கு எடுத்துப்போய் ஸ்பிரிட் போட்டு பிரஷ்ஷால் துடைத்தார். அப்போதும் இருட்டுதான். மாற்றிப் போட்டுப் பார்க்கலாம் என்றால் அதே மாதிரி இன்னொரு பிராசசரோ போர்டோ கள்ளக்குறிச்சியிலேயே கிடையாது. (மொத ஆளு நான்தானே, வேற எவன்கிட்ட இருக்கும்?) கம்பெனிக்கு போன் செய்தால் சென்னைக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்ல சில வாரம் ஆகும் என்றார்கள். கல்யாணத்துக்கு அவ்வளவு நாள் இல்லை. திரும்ப வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன். தினமும் போடுவேன், இருட்டைப் பார்ப்பேன், இடுக்கில் மிச்சம் இருக்கும் சந்தனம் கருகிவிடுமோ என்று பயந்து உடனே அணைப்பேன். யூடியூப் தம்பிகள் பச்சைக் கோடு காட்டினார்களே தவிர, ஒருத்தரும் இந்த இருட்டைக் காட்டவில்லை.

மணலூர்பேட்டைக்காரரிடம் பழைய கம்ப்யூட்டரை இரண்டு நாள் கடன் கேட்டேன். "முகூர்த்த சீசனுங்க, நாலு கல்யாணம் ஓடிக்கினு இருக்குது" என்றார். அவ்வளவு வேகமாக ஓடுகிறதாம்.

வீட்டில் யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கவிதா மட்டும் இரண்டு நாளைக்கு ஒருமுறை வந்து, "அண்ணி, எவ்ளோ முடிஞ்சிச்சி?" என்பாள். நான் "ஆயிக்கினே இருக்கு" என்பேன். அவள் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருக்கும்.

ரிசப்ஷன் நாளும் வந்தது. வாசலில் ரிஷிவந்தியம் போக வேன் நிற்கிறது. பட்டுப்புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு, கடைசியாக ஒருமுறை சுவிட்சைப் போட்டேன். அதே இருட்டு. அந்த நேரம் பார்த்து மாமியார் உள்ளே வந்தார்.

"இன்னாம்மா, அல்லாரும் வண்டில ஏறிட்டாங்க, இன்னும் அதயே கட்டிக்கினு இருக்கற?"

இத்தனை நாள் அடக்கியது எல்லாம் ஒரே வரியாக வெளியே வந்துவிட்டது. "நீங்க கை வெச்சதுனாலதான் அத்தை இது செத்துப்போச்சு."

குங்குமத்தைச் சொன்னதுகூட மாமியாருக்குப் பெரிதாகப் படவில்லை.

"கல்யாண வூட்ல நின்னுக்கினு செத்துப்போச்சுன்னு சொல்றியா? எம் பொண்ணு மாலயும் கழுத்துமா நிக்கப்போற நாள்ல?"

நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். "நான் கம்ப்யூட்டரத்தான் சொன்னேன்" என்று ஆரம்பித்தேன். அவர் என் வளைகாப்புக்கு எங்கள் வீட்டிலிருந்து வந்த வரிசைக்குப் போனார். நான் தலைதீபாவளிப் புடவைக்குப் போனேன். அவர் எங்கள் அம்மா கொடுத்த மிக்ஸி மூன்றே மாதத்தில் படுத்ததைச் சொன்னார். நான், அதுக்கும் நீங்கதான் பொட்டு வெச்சீங்க என்றேன். வாசலில் வேன்காரர் ஹாரன் அடித்தபடியே இருந்தார். வீட்டுக்காரர் இரண்டு முறை எட்டிப்பார்த்துவிட்டு இரண்டு முறையும் சத்தமில்லாமல் திரும்பிப் போனார். கடைசியில் மாமியார் கண் கலங்கி, "நல்லா இருக்கட்டும்னுதான வெச்சன்" என்றார்.

அப்போதுதான் என் முதுகுக்குப் பின்னால் அறை வெளிச்சமானது. திரும்பிப் பார்த்தேன். திரையில் கம்பெனிப் பெயர் பளிச்சென்று மின்னிக்கொண்டிருந்தது.

விஷயம் இவ்வளவுதான். புது வகை ராமை முதல்முறை பார்க்கும்போது அந்தப் போர்டு அதோடு பழகிக்கொள்ளக் கால் மணி நேரம்கூட எடுத்துக்கொள்ளுமாம். அதுவரை திரை இருட்டாகத்தான் இருக்குமாம். நடுவில் அணைத்தால் மறுபடியும் முதலிலிருந்து. அன்றைக்குச் சண்டை மும்முரத்தில் நான் அணைக்க மறந்திருக்கிறேன். "இப்பத்தான் மேடம் நெட்ல அல்லாரும் போடறாங்க" என்று பிறகு பாய் சொன்னார். மூன்று மாதம் பொறுக்க முடியாதவளை அது கால் மணி நேரம் பொறுக்கச் சொல்லியிருக்கிறது. (குங்குமத்துக்குப் பயந்துதானே அணைச்சோம், அதனால கொஞ்சம் குத்தம் அத்தை பக்கமும் இருக்கு என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். சொன்னதில்லை.)

கம்ப்யூட்டர் உயிரோடு இருந்தது, நேரம்தான் இல்லை. வெறுங்கையோடு வேனில் ஏறி, மண்டபத்தில் கவிதா முன்னால் போய் நின்றேன். "அண்ணி, எனக்கு அப்பவே தெரியும்" என்றாள். ஒரு கையில் மருதாணி காயும்போதே மறு கையால், செல்போனிலேயே, நண்பர்கள் எடுத்த துண்டு வீடியோக்களை ஒட்டி அவளே ஒன்று செய்துவைத்திருந்தாள். திரையில் அருவியைச் சுற்றி இதயங்கள் பறந்தன. மாப்பிள்ளை பாசியில் வழுக்கி விழுந்தார், மண்டபமே விழுந்து விழுந்து சிரித்தது. சாப்பாட்டுப் பந்தியில் மாப்பிள்ளையின் பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "எடிட்டிங்னா இதான்மா எடிட்டிங்" என்றார். பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த என் மாமியார் இன்னொரு கரண்டி பாயசம் கேட்டு வாங்கிக்கொண்டார். அவர் ஏதாவது சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

அதிலிருந்து எங்கள் வீட்டில் எது ஸ்டார்ட் ஆகவில்லை என்றாலும் கூப்பிடுவது எங்கள் இரண்டு பேரைத்தான். கிணற்று மோட்டார் எடுக்கவில்லை என்றால் வீட்டுக்காரர் வயலிலிருந்து போன் செய்து, "ரெண்டு பேரும் வந்து கொஞ்சம் சண்ட போட்டுட்டுப் போங்க" என்பார். கவிதாவின் மாமனார் வீட்டிலும், பைக் கிளம்பாவிட்டால், நைனார்பாளையத்துக்கு ஆள் அனுப்பவா என்று கேட்கிறார்களாம்.

போன மாதம் அதற்கும் அடுத்த தலைமுறை வெளியானது. நான் சும்மாதான் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தேன். பச்சைக் கோடு முன்பைவிட நீளமாக இருந்தது. பின்னால் கீரை ஆய்ந்துகொண்டிருந்த மாமியார் கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார்.

"வேணும்னா வாங்கிக்கோம்மா" என்றார். "ஆனா இந்த வாட்டி சண்டைக்கு நான் வரமாட்டன். எனக்கு முட்டி வலி, அவ்ளோ நேரம் நிக்க முடியாது."