ஜிம்மியின் நியமன உத்தரவு கேட்ட நகல் பாய்

ராமநாதபுரம் கடற்கரைக்கு வந்த புயல்கள் எல்லாம் சேர்ந்து எங்கள் தாலுகா அலுவலகத்தில் கலைத்துப்போட்ட காகிதங்களைவிட, நகல் பாய் ஒற்றை ஆளாகக் கலைத்தவை அதிகம். அவருடைய உண்மையான பெயர் மனுவின் அடியில் கையெழுத்தாக இருக்கும். அதை யாராலும் படிக்க முடிந்ததில்லை. எதைச் சொன்னாலும் "அதுக்கு நகல் இருக்கா?" என்பார். அதனால் நகல் பாய்.

வளைகுடாவில் பல வருடம் ஸ்டோர் கீப்பராக இருந்துவிட்டு ஏர்வாடிக்குத் திரும்பியவர். அங்கே ஒரு நட்டு எடுக்கவே மூன்று பேர் கையெழுத்து வேண்டுமாம். அந்தப் பழக்கத்தோடு ஊரில் வந்து இறங்கினார். சொந்தக்கார வீட்டு நிக்காஹ்வில் பிரியாணி தீர்ந்துபோனபோது, எத்தனை சட்டி ஏற்றினார்கள் என்று எழுத்துமூலம் கேட்டார். பல் டாக்டரிடம், "இந்தப் பல்லத்தான் புடுங்கணும்னு எதுல எழுதியிருக்கு?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை வாயைத் திறக்க மறுத்தார். இப்படிப்பட்டவர் கையில் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கிடைத்தால் என்ன ஆகும்? அந்த மனுக்களையெல்லாம் வாங்கி வைக்கும் கிளார்க்காக நான் இருந்தேன்.

வாலிநோக்கம் பக்கத்திலிருந்து கருவாடு விற்க வந்த ஒரு பெண் ஒருநாள் அவரிடம் அழுதிருக்கிறாள். அவள் ஊரின் மழைத்தண்ணீர் கடலுக்குப் போகும் வாய்க்காலை, இறால் பண்ணைக்காரர் மண்ணைக் கொட்டி அடைத்துவிட்டார். முதல் மழைக்கே தண்ணீர் வீட்டுக்குள் புகுந்து, கருவாடும் அரிசியும் பிள்ளைகளின் புத்தகமும் மிதந்தன. பெரிய மழை இனிமேல்தான் வரவேண்டும்.

மறுநாளே பாய் வந்துவிட்டார். "தம்பி, வாய்க்கால அடைக்க ஆரு உத்தரவு போட்டது? நகல் வேணும்."

எங்கள் அதிகாரி சொன்னபடி, 'அப்படி ஆவணம் எதுவும் இல்லை' என்று பதில் எழுதினேன். கோப்பில் இல்லை என்பது உண்மைதான். வாய்க்காலை அடைக்கும் அனுமதியை அதிகாரி தன் சொந்த மெயிலிலிருந்து பண்ணைக்காரருக்கு அனுப்பியிருந்தார். ஒற்றை விரலால் டைப் அடிப்பவர் என்பதால், அவர் சொல்லச் சொல்ல அடித்தது நான்.

பாய் விடவில்லை. வாய்க்காலை அடைத்த மாதம் அலுவலக மெயிலில் போனது, வந்தது எல்லாவற்றுக்கும் நகல் கேட்டார். கொடுத்தோம். சுதந்திர தின வாழ்த்து, விநாயகர் சதுர்த்தி வாழ்த்து, கம்ப்யூட்டர் வைரஸ் பற்றி ஓர் எச்சரிக்கை.

"ஏந்தம்பி, மாசம் பூராம் வாழ்த்து மட்டுந்தேன் சொல்லிக்கிட்டு இருந்தீகளா?"

அங்கிருந்து நேராக இறால் பண்ணைக்குப் போயிருக்கிறார். காவலாளி, "எங்ககிட்ட பெர்மிசன் இருக்கு பாய்" என்று பெருமையாக ஒரு பிரிண்ட் அவுட்டைக் காட்ட, பாய் அதைச் செல்போனில் படம் பிடித்துக்கொண்டார். அனுப்பியவர் பெயர் இருந்த இடத்தில் 'ஜிம்மி' என்றிருந்தது. அது எங்கள் அதிகாரி வீட்டு நாய். மெயில் தொடங்கியபோது அவர் பெயரை வேறு யாரோ ஏற்கெனவே எடுத்துவிட்டதால், நாயின் பெயரைப் போட்டிருந்தார்.

அடுத்த மனு இப்படி வந்தது: 'ஜிம்மி என்பவர் தங்கள் அலுவலகத்தில் என்ன பதவி வகிக்கிறார்? அவருடைய நியமன உத்தரவின் நகலும், அவர் இதுவரை அனுப்பிய அலுவல் மெயில்களின் நகலும் தரவும்.'

அலுவலகமே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. அதிகாரி மட்டும் தண்ணீர் கேட்டார். தர முடியாது என்று மறுத்தார். பாய் மேல்முறையீடு செய்தார். விசாரணைக்கு என்னையும் கூப்பிட்டார்கள்.

"அது என்னோட சொந்த மெயில் சார். அதைக் கேக்க யாருக்கும் உரிமை கிடையாது" என்றார் அதிகாரி.

பாய் எழுந்தார். "சொந்த மெயிலுன்னா சரிங்க. சொந்த விசயம் எழுதட்டும். அந்த வாய்க்கா இவுகளுக்குச் சொந்தமா?"

மேல்முறையீட்டு அதிகாரி உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். பிறகு என் பக்கம் திரும்பினார். "இந்த மெயிலை டைப் பண்ணது யாரு?"

தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எல்லோரிடமும் எல்லாவற்றையும் கேட்கும் பாய், அன்று என்னிடம் எதுவும் கேட்கவில்லை. என்னைப் பார்த்தால் நான் சங்கடப்படுவேன் என்றோ என்னவோ, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நாந்தாங்கய்யா" என்றேன்.

அலுவல் சம்பந்தப்பட்ட மெயில் எங்கே இருந்தாலும் அது அலுவலக ஆவணம்தான் என்று உத்தரவானது. அந்த மெயிலின் நகல், பாயின் கைக்குப் போனது. அவரிடமிருந்து கலெக்டர் ஆபீசுக்குப் போனது. அடைமழைக்கு நான்கு நாள் முன்னால் பொக்லைன் வந்து வாய்க்காலைத் திறந்தது.

என்னைக் கமுதிக்கு மாற்றினார்கள். காரணம் 'நிர்வாக நலன்'. கடல் காற்றுக்குப் பழகிய உடம்பு அந்த வெயிலில் வதங்கியது. இரண்டு மாதம் கழித்து, பழைய அலுவலகத்து நண்பர் போனில் ஒரு மனுவைப் படித்துக் காட்டினார்.

'உண்மை சொன்ன கிளார்க்கை மாற்றியதில் நிர்வாகத்துக்கு என்ன நலன் ஏற்பட்டது? விவரம் தரவும். கமுதியில் அவருடைய நாற்காலிக்கு மேல் ஃபேன் ஓடுகிறதா? அவர் மதியம் நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா? இதற்கும் பதில் தரவும்.'

சட்டப்படி முப்பது நாளுக்குள் என்ன பதில் கொடுத்தார்களோ தெரியாது. அன்றிலிருந்து நான் நேரத்துக்குச் சாப்பிடுகிறேன்.