அம்மாவுக்குப் பிடித்த வேஷம்

"பெத்தவளைத் தெருவுல தள்ளின பாவி! உன் கையால பச்சைத் தண்ணிகூடக் குடிக்க மாட்டேன்!"

அம்மா தட்டிவிட்ட சூப், நடிகரான மகனின் சட்டையில் வழிந்தது. ஒரு கையில் கரண்டி, மறு கையில் போன். போன் மட்டும் எப்படியோ தப்பித்தது.

நீதிபதி, திருடன், பிணம் என எதைக் கொடுத்தாலும் வெளுத்து வாங்குகிறவர் அவர். ராத்திரி சீரியலில் தாயைத் துரத்தும் மகனையும் அப்படித்தான் வெளுத்து வாங்கினார். படுத்த படுக்கையாய்க் கிடக்கும் அம்மா ஞாபகம் பிசகி, டிவியையும் வீட்டையும் போட்டுக் குழப்புகிறாள் என்று நொந்துபோனார்.

"மத்தியான சீரியல்ல டாக்டரா வர்றீங்களே, அப்படி வந்து பாருங்க சார்" என்றாள், அம்மாவைக் கவனித்துக்கொள்ளும் நர்ஸ்.

மறுநாள் வெள்ளைக் கோட்டு, ஒட்டு மீசையோடு வந்தார். டாக்டர் அவசரப்படலாமா? கட்டிலோரம் உட்கார்ந்து நாடி பிடித்தார், கதை பேசினார், ஊட்டினார். அம்மா ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை.

தினமும் இப்படி உட்கார்ந்ததில் ஷூட்டிங்குக்குத் தாமதம். கடுப்பான டைரக்டர், சீரியலில் டாக்டர்மேல் லாரியை ஏற்றிக் கதையை முடித்துவிட்டார்.

மறுபடி கோட்டோடு போனதும், "ஐயையோ, செத்தவரு வந்திருக்காரு!" என்று அம்மா போர்வைக்குள் புகுந்துகொண்டாள்.

வேறு வழி? இன்ஸ்பெக்டராகப் போனார்.

"என் பையன் என்னைக் கண்டுக்கறதே இல்லைய்யா. புடிச்சு உள்ள போடுங்க."

"போட்டுடறேம்மா."

"அடிச்சிடாதீங்க. அவன் அடி தாங்க மாட்டான்."

ஒரே ஒரு தடவையாவது மகனாக அவள் கையைப் பிடித்துவிட வேண்டும் என்று துடித்தார். அடுத்த நாள் வெறும் முகத்தோடு வந்து நின்றார். வாசலில் ஷூட்டிங் வண்டி, கையில் விடாமல் அலறும் போன்.

"அம்மா, நான்தாம்மா."

அம்மா ஏற இறங்கப் பார்த்தாள். "யாருய்யா நீ? இன்ஸ்பெக்டரை வரச் சொல்லு."

அவர் போனை எடுத்துப் பேசியபடியே வெளியேறினார். அன்று சாயங்காலம் ஷூட்டிங் முடிவதற்குள் அம்மா போய்விட்டாள்.

"எத்தனையோ வேஷம் போட்டேன். கடைசிவரைக்கும் மகனா மட்டும் என்னை அடையாளம் தெரியலையே அவளுக்கு!" என்று காலியான கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

போர்வையை மடித்துக்கொண்டிருந்த நர்ஸ் நிமிரவே இல்லை.

"அம்மாவுக்கு எல்லா ஞாபகமும் இருந்துச்சு சார். டாக்டர் வேஷமே அவங்க யோசனைதான். 'மகனா வந்தா நின்னுட்டே போயிடறான், வேஷம் போட்டாதான் பக்கத்துல உக்கார்றான்'னாங்க."