சாம்பிள் பார்த்த பஜ்ஜி மிளகாய்

ஓசூர்,
ஞாயிறு காலை.

அன்பு மைத்துனன் ராஜ்குமாருக்கு, உன் அக்காள் சுகுணாவின் கணவன் மோகன்குமார் எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். ராயக்கோட்டையில் நீயும் உன் தோட்டமும் நலமாக இருப்பதில் எனக்கு இப்போதைக்கு விருப்பமில்லை. போனில் சொன்னால் நடுவில் சிரிப்பாய், அதனால்தான் கடிதம்.

"காரமே இருக்காது மாமா, கொழந்தகூட தின்னும்" என்று பஜ்ஜி மிளகாய் விதை கொடுத்தாயே, அதை மொட்டை மாடியில் பெயிண்ட் வாளிகளில் போட்டு ஆறு செடி வளர்த்தேன். காயெல்லாம் நீளநீளமாக, பச்சைப் பசேலென்று தொங்கின. போன ஞாயிறு நம் மகள் ரஞ்சிதாவைப் பெண் பார்க்கக் கர்நாடகத்து ஆனேக்கல்லிலிருந்து வந்தார்கள். கேசரியோடு நம் வீட்டு மிளகாயில்தான் பஜ்ஜி என்று நான் அடம் பிடித்தேன். முப்பது வருடம் கம்பெனியில் குவாலிட்டி பார்த்தவன் சும்மா விடுவேனா? முதல் செடியில் ஒரு காயைப் பறித்துக் கடித்தேன், வெள்ளரிக்காய் மாதிரி இருந்தது, ஆறு செடிக் காயையும் ஒரே லாட்டாகப் பாஸ் பண்ணிவிட்டேன். உன் தோட்டத்தில் பக்கத்துப் பாத்தியிலேயே நீ கார மிளகாய் போட்டிருந்ததும், தேனீ இரண்டிலும் உட்கார்ந்தால் அந்த விதையில் செடிக்குச் செடி காரம் மாறும் என்பதும் உன் அக்காள் பிறகு சொல்லித்தான் தெரியும்.

மாப்பிள்ளை ஹரீஷ்குமார் ஒரு கடி கடித்தார், முகம் சிவந்தது. பெண் எதிரில் நிற்கிறாளே என்று துப்பாமல் விழுங்கி, சமாளிக்க இன்னொன்றை எடுத்தார், அது அதைவிட மோசமான செடியின் காய். கண்ணீர் பொலபொலவென்று கொட்ட, அவர் அம்மா முனிலட்சுமி, "என்னாடா, பொண்ணு புடிக்கலியா?" என்றார். மாப்பிள்ளை தண்ணீர் கேட்டுக் கையை ஆட்ட, அந்தம்மா அதைப் பெண் வேண்டாம் என்று எடுத்துக்கொண்டு எழுந்தே விட்டார். ரஞ்சிதா மாப்பிள்ளை தட்டிலிருந்த மீதியை எடுத்துக் கடித்தாள். அப்புறம் இரண்டு பேரும் ஒரே தயிர்ச் சொம்பை மாற்றி மாற்றிக் குடித்துக்கொண்டு அழுதார்கள். காரம்தான் என்று நான் சொன்னதற்கு, "கொழம்புக்கே வெல்லம் போடறவங்க நாங்க, இந்தக் காரம் ஆவாது" என்று சொல்லிவிட்டு அந்தம்மா கிளம்பிவிட்டார்.

ஒரு வாரமாகப் போன் இல்லை. ரஞ்சிதாவுக்கு அவரைப் பிடித்துப்போய்விட்டது, போனையே பார்க்கிறாள். இன்று காலை ஆறு செடியையும் பிடுங்கி எறிந்துவிட்டேன். மீதி விதையை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். பொங்கலுக்கு இந்தப் பக்கம் வராதே. உன் மனைவி சுஜாதாவுக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள், உனக்குக் கிடையாது.

இப்படிக்கு,
மோகன்குமார்

பி.கு.: உறையை ஒட்டும்போது முனிலட்சுமி அம்மா போன் பண்ணினார். மாப்பிள்ளைக்கு நாக்கு புண்ணாகி இத்தனை நாள் பேச்சே இல்லையாம், பேச வந்ததும் ரஞ்சிதாவைத்தான் கேட்டாராம். "எம் பையன் எதுக்கு அழுவுறான்னு தின்னு பாத்த பொண்ணு, வேற எங்க போயி தேடறது?" என்கிறார். அடுத்த மாதம் நிச்சயதார்த்தம். மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடு. விதையை உறையிலிருந்து எடுத்துவிட்டேன், செடிகளையும் திரும்ப நட்டாயிற்று. மாப்பிள்ளைக்கு ஒரே நிபந்தனை: அன்றைக்கும் இதே பஜ்ஜி வேண்டும், ஆனால் செடிக்கு ஒரு காய் வீதம் பெண் வீட்டார் அவர் எதிரில் கடித்துக் காட்ட வேண்டும். முதல் செடியை நான் பார்த்துக்கொள்கிறேன். மற்ற ஐந்துக்கும் நீ வந்துவிடு.